மேற்கே மூன்று சன்னல்

தாராவி, பம்பாய்
8-11-1964

அன்புத் தம்பி பூதத்தானுக்கு, பிரம்மநாயகம் எழுதுவது.

இங்கே நானும் உன் மதினி பூமாரியும் சுகம். செல்லக்கனிக்கு மட்டும் சுகமில்லை. நீயும் கொழுந்தியாள் ஆறுமுகத்தாயும் சுகமாக இருப்பதை நம் இருவருக்கும் பெண் கொடுத்த மாமாவின் கடிதம் மாதம் தவறாமல் சொல்லிவிடுகிறது. சுகத்தை மட்டுமா சொல்கிறது? 'சின்ன மாப்பிள்ளை கட்டின வீட்டில் சித்திரை வெயிலிலும் வேர்க்கவில்லை', 'சின்ன மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வந்த தாசில்தார் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்' என்று மூன்று வருஷமாக அதே பாட்டு. மண்ணைக் குழைத்து, பனங்கையைப் பரத்தி, மேலே நாட்டு ஓடு வேய்ந்த வீடு. அதற்கு இத்தனை மேளமா என்று பூமாரியிடம் கேட்டேன். சிரிக்கிறாள். அக்காளும் தங்கச்சியும் ஒரே கட்சி.

விஷயத்துக்கு வருகிறேன். செல்லக்கனிக்கு ஏழு வயதாகியும் இரைப்பு விடவில்லை. எங்கள் ஒற்றை அறைக் கோலிக்கு ஒரு பக்கம் தோல் பதனிடுகிற இடம், மறுபக்கம் குயவர்களின் சூளைப் புகை. சயான் ஆஸ்பத்திரி டாக்டர், 'ஊர் இருக்கிறதா? நல்ல காற்றில் கொண்டுபோய் வை' என்றார். ஆகவே மாமா எங்களுக்குக் கொடுத்த மனையில், உன் வீட்டை ஒட்டினாற்போல், வீடு கட்டப் போகிறேன். பிள்ளையின் நெஞ்சு விசிலடிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேதனை பெற்றவனுக்குத்தான் தெரியும். உனக்கு எழுதிப் புரியாது. அந்தக் கொடுப்பினை உனக்கு இல்லை.

இத்துடன் ப்ளான் வைத்திருக்கிறேன். நானே போட்டது. செம்பூரில் நாலு மாடிக் கட்டிடங்களில் பத்து வருஷமாகச் சென்ட்ரிங் ஆள்களை மேய்க்கிற முகாதம் நான். கண் பார்த்ததைக் கை செய்யாதா? காங்கிரீட் தளம். மேற்கே ஆளுயரத்துக்கு மூன்று சன்னல். 'மேற்கே திற, கிழக்கை மூடு, காற்று தானாக வரும்' என்பார் எங்கள் ஆர்க்கிடெக்ட் சாகிப். கோயில் கொடைக்கு வந்தபோது உன் வீட்டைப் பார்த்தேன். மேற்கே கண்ணே இல்லாத சுவர். கூரை இடுப்பு மட்டத்துக்கு இறங்கி, மழைக்குக் கோணி போட்டுக் குனிந்த ஆள் மாதிரி இருக்கிறது. என் வீடு நிமிர்ந்து நிற்க வேண்டும்.

கொத்து வேலை நீதான் செய்ய வேண்டும். ஆனால் ப்ளானில் ஓர் அங்குலம் மாற்றாதே. யோசனையும் சொல்லாதே. பூமாரிக்குக்கூட ப்ளானைக் காட்டவில்லை. பொம்பளைக்கு அதெல்லாம் என்ன தெரியும்? வந்து பார்த்து வாயைப் பிளக்கட்டும்.

மாமாவுக்கு என் கும்பிடு.
பிரம்மநாயகம்


செந்தேரிவிளை, உடன்குடி வழி
20-11-1964

அண்ணாச்சி அவர்களுக்குப் பூதத்தான் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

இங்கே யாவரும் சுகம். பிள்ளைக்கு இரைப்பு என்று வாசித்ததும் ஆறுமுகத்தாய் அழுதுவிட்டாள். சுக்கும் கருப்பட்டியும் கட்டி அனுப்பியிருக்கிறாள்.

ப்ளான் கிடைத்தது. இரண்டு தடவை பார்த்தேன்.

(இங்கே ஒரு வரி எழுதி, மையால் அடிக்கப்பட்டிருக்கிறது.)

யோசனை வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். சொல்லவில்லை. கொடுப்பினை இல்லாதவனுக்கு யோசனை எங்கேயிருந்து வரும்? தை பிறந்ததும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறேன். சிமிண்டு பெர்மிட்டுக்கு மாமா அலைகிறார். நீங்கள் போட்டபடியே ஓர் அங்குலம் பிசகாமல் கட்டித் தருவேன்.

மதினிக்கும் பிள்ளைக்கும் எங்கள் அன்பு.
பூதத்தான்


தாராவி
2-12-1964

அன்புத் தம்பிக்கு,

சுகம். சுகத்துக்கு எழுது. சுக்கு வந்தது, பூமாரி கஷாயம் வைத்துக் கொடுக்கிறாள்.

உன் கடிதத்தில் ஒரு வரியை எழுதி அடித்திருக்கிறாய். என்ன எழுதினாயோ, நான் பார்க்கவில்லை. மூத்தவர்களுக்கு எழுதும்போது அடித்தல் திருத்தல் ஆகாது. தெரிந்துகொள்.

சன்னலுக்குக் கம்பி இங்கேயே செய்யக் கொடுத்துவிட்டேன். ஷாகுல் ஹமீது பாய் என்று காயல்பட்டினத்துக்காரர், பக்கத்துச் சந்தில் இரும்புப் பட்டறை வைத்திருக்கிறார். ஒவ்வொரு சன்னலிலும் ஒரு மயில். ஏக்தம் பஸ்ட் கிளாஸ்! "எந்தப் பக்கம் வைக்கப்போறீரு?" என்று கேட்டார். "மேக்க" என்றேன். "மேக்கயா? செந்தேரிவிளையிலயா? மூணுமா வே?" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் அசந்துபோனார், தம்பி! அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தார்.

சன்னலுக்குக் கதவு வைக்காதே. கதவைச் சாத்தினால் மயில் தெரியாது.

பிரம்மநாயகம்


செந்தேரிவிளை
14-2-1965

அண்ணாச்சி அவர்களுக்கு,

கும்பிடு. பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது? ஆறுமுகத்தாய் தினம் கேட்கிறாள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை.

சுவர் சன்னல் மட்டத்தைத் தாண்டிவிட்டது. கடற்கரைச் சிப்பியைச் சுட்டு, நீற்றி, கருப்பட்டித் தண்ணீர் விட்டு ஒரு மாதம் புளிக்க வைத்திருக்கிறேன். பூச்சுக்கு அதுதான். சிமிண்டு தளத்துக்கு மட்டும்.

கம்பி வந்து இறங்கிய அன்று ஊரே கூடிவிட்டது. மாமா ஒவ்வொருத்தரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து, "பம்பாய் மாப்பிள்ளை அனுப்பினது" என்று மயிலைத் தொட்டுக் காட்டினார். வண்டியிலிருந்து அதை முதுகில் சுமந்து இறக்கியவன் யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நான் சுவர் வைக்கிறவன்தானே.

இப்போது வாடைக்காற்று. வேலைக்குச் சுகமாக இருக்கிறது.

பூதத்தான்


தாராவி
3-3-1965

தம்பிக்கு,

இங்கே சுகம் என்று எழுதவேண்டியது முறை. எழுதிவிட்டேன்.

மாமாவின் கடிதம் வந்தது. என் வீட்டுச் சுவரைப் பார்க்க நாலு ஊரிலிருந்து ஆள் வருகிறதாம். 'சின்ன மாப்பிள்ளை பூச்சில் முகம் பார்த்துத் தலை சீவலாம்' என்று எழுதியிருக்கிறார். கேட்கிறேன்: வீடு யாருடையது? ப்ளான் யாருடையது? மயில் யாருடையது? பேர் மட்டும் உனக்கா? பூச்சு வேலையை இவ்வளவு நன்றாகச் செய்யச் சொல்லி நான் எழுதினேனா?

லோக்கல் டிரெயினில் செம்பூருக்குப் போகும்போதெல்லாம் இதே நினைப்பு. பதினாறு வருஷமாக இந்த ஊரில் எத்தனை தளம் போட்டிருக்கிறேன்! அதில் குடியிருக்கிற ஒருத்தனுக்காவது என் பெயர் தெரியுமா? நீ ஒரு தேரிக்காட்டில் உட்கார்ந்துகொண்டு நாலு ஊரில் பேர் வாங்குகிறாய்.

வாசல் நெற்றியில் 'பம்பாய் பிரம்மநாயகம் இல்லம்' என்று சுண்ணாம்பில் எழுத்து எடு. பெரிதாக எடு. ரோட்டிலிருந்து தெரிய வேண்டும்.

பிரம்மநாயகம்


செந்தேரிவிளை
10-5-1965

அண்ணாச்சி அவர்களுக்கு,

கும்பிடு. அனைவரும் சுகம்.

வீடு முடிந்தது. உங்கள் பெயரை ஒரு சாண் உயரத்துக்கு எடுத்திருக்கிறேன். பஸ்ஸில் போகிறவர்கள் வாசித்துக்கொண்டு போகிறார்கள்.

ஒன்று கேட்கிறேன். மதினியையும் பிள்ளையையும் ஆவணி கழித்து அனுப்பினால் என்ன? புது வீடு, ஈரம் காய வேண்டும். ஆறுமுகத்தாய்தான் எழுதச் சொன்னாள். வேறு ஒன்றுமில்லை.

பூதத்தான்


தாராவி
18-5-1965

தம்பிக்கு,

சுகம்.

ஆவணிவரை என் வீட்டை நீ அனுபவிக்கலாம் என்று பார்க்கிறாயா? அது நடக்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வி.டி.யில் மெட்ராஸ் மெயிலில் ஏற்றிவிடுகிறேன். லீவு கேட்டேன், எனக்குச் சுட்டி கிடைக்கவில்லை. பிள்ளையின் கையால் பால் காய்ச்சட்டும். காய்ச்சியதும் பூமாரி என்ன சொன்னாள் என்று எழுது. ஒரு வார்த்தை விடாமல் எழுது.

பிரம்மநாயகம்


செந்தேரிவிளை
26-6-1965

செல்லக்கனியின் அப்பா அவர்களுக்குப் பூமாரி வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே மழை பிடித்திருக்கும். கோலியில் ஒழுகுகிற மூலையில் அரிசிப் பானையை வைக்காதீர்கள்.

பால் காய்ச்சிய அன்று நான் என்ன சொன்னேன் என்று கேட்டீர்களாம். ஒன்றும் சொல்லவில்லை. சன்னல் மூன்றும் மேற்கே இருப்பதைப் பார்த்தேன்.

பம்பாய்க்குக் கடல் மேற்கே. எங்கள் ஊருக்குக் கடல் கிழக்கே. மேற்கே இருப்பது தேரி, மைல்கணக்கில் செம்மணல். வைகாசி பாதியிலிருந்து ஆடி முடிகிறவரைக்கும் மேல்காற்று அந்த மணலை அள்ளிக்கொண்டு வரும். அதனால்தான் இங்கே யாரும் மேற்கே சன்னல் வைப்பதில்லை. நீங்கள் வந்ததெல்லாம் பங்குனிக் கொடைக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியுமே! நான் பிறந்த ஊராச்சே! அந்த ப்ளானை ஒரு நாள், ஒரே ஒரு நாள், எனக்கு விரித்துக் காட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

மயில் மூன்றும் சிவந்துபோய்விட்டன. சோற்றில் மணல், பாயில் மணல். காலையில் பெருக்கினால் முறம் முறமாக அள்ளலாம். மேலே காங்கிரீட் கொதிக்கிறது. பத்தாம் நாள் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. பம்பாயில்கூட அப்படி வந்ததில்லை. உதடு கறுத்துவிட்டது. பூதத்தான்தான் ஓடிவந்து தோளில் போட்டுத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே மணலும் இல்லை, சூடும் இல்லை. மேற்கே வரிசையாகக் கொல்லாமரம் வைத்திருக்கிறார். அதைத் தாண்டி வருகிற காற்று தாழ்ந்த கூரையில் ஏறி அப்படியே மேலே போய்விடுகிறது. கிழக்குச் சன்னலைத் திறந்தால் கடல்காற்று. பிள்ளை மூன்று வாரமாக அங்கேதான் தூங்குகிறாள். இரைப்பே இல்லை. தங்கச்சி பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறாள்.

நம் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டால், "இதுதான நம்ம வீடு" என்கிறாள்.

பூமாரி


தாராவி
3-7-1965

பூதத்தானுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

பூமாரி எழுதியிருக்கிறாள். பிள்ளைக்கு உதடு கறுத்ததை வாசித்து, வேலைக்குப் போகாமல் ஒழுகுகிற கோலியில் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது சுகமாக இருக்கிறாள், அதற்குச் சாமிக்குக் கும்பிடு. ஆனால் யார் வீட்டில் சுகமாக இருக்கிறாள்? உன் வீட்டில்! என் பெயரை ஒரு சாண் உயரத்துக்கு எழுதின வீட்டில் மணல் குடியிருக்கிறது. என் பிள்ளை உன் வீட்டைத் தன் வீடு என்கிறாள். எனக்கு வயிறு எரிகிறது. எழுதினால் என்ன? எரிகிறது!

தேரியிலேயே பிறந்து தேரியிலேயே சுவர் வைத்த கொத்தன் நீ. மேல்காற்று உனக்குத் தெரியாதா? தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? யோசனை சொல்லாதே என்று ஒருத்தன் எழுதினால், அப்படியே வாயை மூடிக்கொள்வாயா? இதற்கு மட்டும் பதில் எழுது.

பிரம்மநாயகம்


செந்தேரிவிளை
9-8-1965

அண்ணாச்சி அவர்களுக்குப் பூதத்தான் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

பிள்ளை சுகம். மதினி சுகம். ஐந்து வாரமாகக் கடிதம் எழுதவில்லை. நாலு எழுதினேன், நாலையும் கிழித்துவிட்டேன்.

எனக்குத் தெரியும். ப்ளானை விரித்த நிமிஷமே தெரியும். அந்த அடித்த வரியில் அதைத்தான் எழுதியிருந்தேன். எழுதிவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்தேன். 'அந்தக் கொடுப்பினை உனக்கு இல்லை' என்று இருந்தது. பன்னிரண்டு வருஷமாக ஆறுமுகத்தாய் ஏறாத கோயில் இல்லை. அந்த ஒரு வரி என் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டது மாதிரி இருந்தது. மையைத் தொட்டு என் வரியை அடித்தேன். கட்டிக்கொண்டு அவஸ்தைப்படட்டும் என்று நினைத்தேன். உங்களுக்குப் பிள்ளை இருக்கிறது, பம்பாய் இருக்கிறது, மாமாவின் வாயில் உங்கள் பெயர் இருக்கிறது. எனக்கென்று இருந்தது ஒரு வீடு. அதைவிடப் பெரிதாக அதன் பக்கத்திலேயே கட்டச் சொல்கிறீர்கள். என் கையாலேயே.

அந்த வீட்டில் வந்து படுக்கப்போவது நோய்ப்பிள்ளை என்று தெரிந்தே அடித்தேன். இதை நான் ஆறுமுகத்தாயிடமும் சொல்லவில்லை. மேற்கே சன்னலா என்று அவளும் மாமாவும் கேட்டபோது, பம்பாயிலிருந்து கதவு வரும் என்று சொல்லிச் சமாளித்தேன். சித்திரைக் கடைசியில் மனசு கேட்காமல் ஆவணி கழித்து அனுப்பச் சொன்னேன். அப்போதும் காரணத்தைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது அவள் நெஞ்சு என் தோளில் இழுத்துக்கொண்டிருந்தது. "சித்தப்பா, மெதுவாப் போங்க, உங்களுக்கு மூச்சு வாங்குது" என்றாள். அண்ணாச்சி, அதற்குமேல் எனக்குத் தண்டனை வேண்டாம்.

பனையோலைத் தட்டி கட்டி மூன்று சன்னலையும் மறைத்திருக்கிறேன். அடைத்துவிட்டு, வெளியே பனங்கை போட்டு ஓட்டுச்சாய்ப்பு இறக்கினால், மேல்வெயிலும் சுவரில் படாது. ஆனால் அங்குலம் மாற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்கள் உத்தரவு வேண்டும்.

பூதத்தான்


தாராவி
16-8-1965

அன்புத் தம்பி பூதத்தானுக்கு, உன் அண்ணாச்சி எழுதுவது.

இங்கே மழை குறைந்திருக்கிறது. நான் சுகம். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற உங்கள் இருவர் சுகத்துக்கும் எழுது.

நீ ஒன்று சொன்னாய். நானும் ஒன்று சொல்கிறேன். உன் கார்த்திகைக் கடிதம் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. இன்று எடுத்தேன். எடுக்கத் தேவையே இல்லை, அந்த வரி எனக்கு மனப்பாடம். 'மேற்கே சன்னல் வேண்டாம் அண்ணாச்சி, ஆனி ஆடியில் மணல் அடிக்கும், பிள்ளைக்கு ஆகாது.'

கடிதம் வந்த அன்றைக்கே, கூரைத் தகரத்தின் ஓட்டையில் விழுகிற வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மைக்கு அடியில் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. வாசித்துவிட்டுச் சிரித்தேன். மூன்று சன்னலைக் கண்டு இவனுக்கு எரிகிறது, பொய் எழுதப் பார்த்து, கூசி அடித்துவிட்டான் என்று நினைத்தேன். பூமாரியை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று கேட்கவில்லை. ஷாகுல் ஹமீது பாய் டீ வாங்கிக் கொடுத்தது அசந்துபோய் அல்ல. "வீட்டுல மேலக்காத்தைப் பத்திக் கேட்டுக்கிடும்" என்று இரண்டு தடவை சொன்னார். அதை உனக்கு எழுதாமல் விட்டேன்.

நீ பொறாமையில் ஒரு வரியை அடித்தாய். நான் பொறாமையில் அதை வாசித்தும் வாசிக்காத மாதிரி இருந்தேன். நான் பிள்ளை பெற்றவன்; எனக்குத்தான் அதிகம் உறைத்திருக்க வேண்டும். இதிலும் நான்தான் உனக்கு மூத்தவன். கொடுப்பினை என்று எழுதினேனே, அந்த வார்த்தையை எந்த மையால் அடிப்பது என்று தெரியவில்லை.

உத்தரவு கேட்டாய். மேற்கை அடை. சாய்ப்பு இறக்கு, கொல்லாமரம் வை, உன் இஷ்டம். கிழக்கே திறந்து மயிலை அங்கே மாற்று. ஒன்றே ஒன்று: உன் வீட்டுச் சன்னலைவிட என் சன்னல் ஒரு விரக்கடை பெரிதாக இருக்க வேண்டும். சிரிக்காதே. எனக்கு அது வேண்டும்.

பிரம்மநாயகம்


செந்தேரிவிளை
20-9-1965

அண்ணாச்சி அவர்களுக்குப் பூதத்தான் எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கை அடைத்தாயிற்று. சாய்ப்பும் இறக்கியாயிற்று. கிழக்குச் சன்னல் என்னுடையதைவிட ஒரு விரக்கடை பெரிது. மதினி நூல் பிடித்து அளந்தாள். மயில் கடலைப் பார்த்து நிற்கிறது. வாசல் நெற்றியில் உங்கள் பெயர் அப்படியே இருக்கிறது.

முந்தாநாள் பிள்ளை தன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "எங்க அப்பா வீடு குளுகுளுன்னு இருக்கு சித்தப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இரைப்பு இல்லை. நன்றாகத் தூங்குகிறாள். அந்தப் பாய் கிடந்த இடத்தை ஆறுமுகத்தாய் இன்னும் பெருக்கவில்லை.

எனக்கு வயிறு எரிகிறது அண்ணாச்சி. இந்த வரியை நான் அடிக்கவில்லை.

பூதத்தான்